வாடகைக்கு விட்ட வீடு யாருடைய வீடு?

திருவண்ணாமலையில் வீடு தேடிச் செல்லும் ஒருவரிடம் முதலில் கேட்கப்படுவது, "வாடகை எவ்வளவு தருவீர்கள்?" என்பதன்று. எந்த ஊர், எத்தனை பேர், கறி மீன் சமைப்பீர்களா, ஊரிலிருந்து உறவினர் வந்து தங்குவார்களா என்று பல கேள்விகளைக் கடந்த பின்னரே தொகையைப் பற்றிய பேச்சு எழுகிறது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சைவ உணவு உண்பவர்க்கு மட்டுமே வீடு என்று சொல்வதை நம் பங்கு மக்கள் பலர் கேட்டு மனம் வருந்தியதுண்டு. அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் அதே மக்களில் சொந்த வீடு கட்டி மாடிப் பகுதியை வாடகைக்கு விடும் நிலைக்கு உயர்ந்தவர் சிலர், தம் வாசலுக்கு வருபவரிடம் என்ன கேட்கின்றனர்? "ஊரில் எந்தத் தெரு?" என்றுதான் கேட்கின்றனர். தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பதற்கு வைத்துள்ள மறுபெயர் என்பதை வட ஆர்க்காட்டு மண்ணில் பிறந்த எவரும் அறிவர். கோயில் தெருவில் நமக்குச் சுட்ட சொல், நம் வாயிலிருந்து புறப்படும்போது மட்டும் குளிர்ந்துவிடுமோ?

இக்கட்டுரை வீட்டுக்காரர்களுக்காகவே எழுதப்படுகிறது. அவர்களைக் கொடுமைக்காரராகச் சித்திரிப்பது நம் நோக்கமன்று. நம் குடும்பங்களில் வாடகைக்கு வீடு விடுபவர் பெரும்பாலும் பெருஞ்செல்வர் அல்லர். ஓய்வு பெற்ற ஆசிரியர். வளைகுடா நாட்டில் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய செவிலியர். கணவர் விட்டுச் சென்ற ஓட்டு வீட்டை மூன்று 'போர்ஷன்' ஆக்கி, அவ்வாடகையில் உண்டு உடுக்கும் விதவைத் தாய். இவர்களுக்கு வாடகைதான் ஓய்வூதியம். ஒரு மாதம் வராவிட்டால் மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டியதுதான். இதை நாம் மறக்கவில்லை. ஆயினும் வீட்டுக்காரர், குடித்தனக்காரர் என்று இரு திறத்தாரும் பங்கு அலுவலகத்திற்குக் கொண்டுவரும் வழக்குகளைக் கேட்டுக் கேட்டு, அவற்றின் வேர் ஒன்றே என்ற முடிவுக்கு வந்துள்ளோம். வாடகைக்கு விட்ட பின்னும் அது தம் வீடு என்றே வீட்டுக்காரர் எண்ணுகிறார். சுவரும் கூரையும் அவருடையவை, மறுப்பாரில்லை. ஆனால் வாடகை பெறும் காலம் வரையில் அந்தக் கதவுக்கு உள்ளே இருப்பது மற்றொருவருடைய இல்லம்.

இவ்வுண்மை எந்த ஊருக்கும் பொருந்தும் என்றாலும், இவ்வூரில் இதைக் கடைப்பிடிப்பது சற்றுக் கடினம். காரணம், இங்கே ஒரே வீட்டிற்கு மூவகைப்பட்டவர் போட்டியிடுகின்றனர். மாத வாடகைக்கு வரும் உள்ளூர்க் குடும்பம் ஒன்று. குளிர்காலத்தில் வந்து சில மாதங்கள் தங்கும் வெளிநாட்டினரும் வெளிமாநிலத்தாரும் ஒரு வகை. பௌர்ணமிக்கும் கார்த்திகைத் தீபத்திற்கும் ஓரிரு நாள் தங்க வருவோர் மற்றொரு வகை.

செங்கம் சாலைப் பகுதியில் வாடகை வீடுகள் பெருகிய வரலாறு பழையது. ரமணர் 1896இல் இவ்வூருக்கு வந்து 1950இல் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தார். ஆங்கிலேயரான பால் பிரன்டன் 1934இல் வெளியிட்ட நூல் அவர் பெயரை மேனாடுகளுக்குக் கொண்டு சென்றது. அந்நாளில் பெண்கள் இரவு வேளையில் ஆசிரமத்தினுள் தங்குவது வழக்கமில்லை. ஆகவே குடும்பத்துடன் வந்தவர்கள் அருகில் குடிசையோ வீடோ அமர்த்திக்கொண்டனர். அன்று தேவையால் தொடங்கியது இன்று ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. வெளிநாட்டவர் தரும் வாடகையை உள்ளூர்ப் பள்ளி ஊழியரோ கட்டடத் தொழிலாளரோ தர இயலாது. மலையைச் சுற்றிய 14 கிலோ மீட்டர் பாதையை ஒட்டிய பகுதிகளில் குடியிருந்த எளியோர் ஊரின் மறுகோடிக்கு நகர்வதன் காரணம் இதுவே.

கூடுதல் வாடகை கிடைக்கும் இடத்தில் விடுவது குற்றமா என்று கேட்கலாம். குற்றம் அன்று. ஆனால் உள்ளே ஒரு குடும்பம் இருக்கும்போதே அந்தக் கணக்கைப் போடுவது தவறு. தீபத்தை முன்னிட்டு, "நான்கு நாள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போய் வாருங்களேன் அம்மா, நமக்குத் தெரிந்தவர்கள் வருகிறார்கள்" என்று குடித்தனக்காரப் பெண்ணிடம் இனிமையாகச் சொன்ன ஒரு வீட்டுக்காரரை நாம் அறிவோம். இனிமையாகச் சொன்னதாலேயே அவளால் மறுக்க முடியவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுடன் பேருந்து ஏறினாள். அந்நான்கு நாட்களுக்கும் அவள் வாடகை செலுத்தியிருந்தாள் என்பதை அந்த நல்ல மனிதர் எண்ணிப் பார்க்கவே இல்லை. நாள் வாடகைக்கு விட விரும்புவோர் அதற்கென்று ஓர் அறையைத் தனியே ஒதுக்கி, உள்ளாட்சியிடம் முறைப்படி அனுமதி கேட்டு, தங்கும் இடமாகவே நடத்தட்டும். குடியிருப்பு வேறு, விடுதி வேறு. வெளிநாட்டவரைத் தங்க வைப்போர் அச்செய்தியை 24 மணி நேரத்திற்குள் அரசுக்குத் தெரிவிக்கவும் கடமைப்பட்டவர். பல்லாண்டுகளாக 'சி' படிவம் என்று அழைக்கப்பட்டது இதற்கானதே. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் பழைய வெளிநாட்டவர் சட்டங்களின் இடத்திற்கு வந்த பின்னரும் இக்கடமை நீங்கிவிடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சிறிது காண்போம். சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல் வந்தது. வெவ்வேறு சட்டங்களாக மாறி, 1960ஆம் ஆண்டுச் சட்டமாக அது நிலைபெற்றது. ஏறத்தாழ அறுபதாண்டுகள் நம் ஊர்களில் வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் நீதிமன்றம் ஏறியது இதன்கீழ்தான். ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றுகூட அச்சட்டம் விதித்திருந்தது. நகரங்களில் பத்து மாத வாடகையை 'அட்வான்ஸ்' ஆகக் கேட்டவர்களுக்கு அது தெரிந்ததாகவே தோன்றவில்லை! அச்சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி வாய்மொழியாக வாடகைக்கு விடுவதற்கு இடமில்லை. உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். அதனை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண் பெற வேண்டும். பதினொரு மாதத்திற்கு எழுதினால் பதிவு தேவையில்லை என்று பத்திரம் எழுதுவோர் இன்றும் சொல்வதுண்டு. அது ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யச் சொல்லும் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துச் சொல்லப்படும் பழைய பேச்சு. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு; பதினொரு மாதமானாலும் அது வேண்டும்.

புதிய சட்டத்தில் நம் வீட்டுக்காரர்கள் அறிய வேண்டிய இடங்கள் சில உண்டு. வேறு விதமாக இருவரும் உடன்பட்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள், நியாயமான பிடித்தம் போக அதைத் திருப்பித் தந்துவிட வேண்டும். வீட்டினுள் நுழைந்து பார்க்க வேண்டுமாயின் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் அறிவிப்புத் தர வேண்டும். "என் வீட்டுக்குள் நான் போக அனுமதியா?" என்று ஒரு பெரியவர் நம்மிடம் சினந்தார். ஆம் ஐயா, அனுமதி வேண்டும். உள்ளே குளித்துவிட்டு வரும் ஒரு பெண் இருக்கக்கூடும் அன்றோ?

வாடகை நிலுவைக்காகத் தண்ணீர்க் குழாயை அடைப்பதும், மின்சாரத்தைத் துண்டிப்பதும் இச்சட்டப்படி குற்றமாகும். இரண்டு மாத வாடகை நிலுவையானால் வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றம் கேட்டு மனுச் செய்யச் சட்டமே வழி தந்துள்ளது. மோட்டார் சுவிட்சைப் பூட்டி வைப்பது அந்த வழியன்று. முதியோரும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் ஒரு நாள் தண்ணீரை நிறுத்துவது என்ன செயல் என்பதற்கு நாம் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

முன்பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில் பெரும்பாலான சச்சரவுகள் இங்குதான் முற்றுகின்றன. வாங்கிய அன்றே அது செலவாகிவிடுகிறது. கூரைக்குத் தளம் போட்டோ, மகள் திருமணத்திற்கு நகை எடுத்தோ கரைந்துவிடுகிறது. மூன்றாண்டு கழித்துக் குடித்தனக்காரர் காலி செய்யும்போது வீட்டுக்காரரிடம் பணம் இல்லை. அடுத்து வருபவர் முன்பணம் தந்தால்தான் இவருக்குத் தர முடியும் என்கிறார். போகிறவரோ, போகும் இடத்தில் முன்பணம் கட்ட அந்தப் பணத்தையே நம்பியிருக்கிறார். ஒருவர் வீட்டில் தடைப்பட்ட பணம் மூன்று குடும்பங்களைத் தெருவில் நிறுத்துகிறது. போக்கியத்திற்கு விடும் வழக்கத்தில் இடர் இன்னும் பெரிது. லட்சக்கணக்கில் மொத்தமாகப் பெற்று, வாடகையின்றிக் குடியிருக்க விட்டு, தவணை முடிந்ததும் முழுத் தொகையையும் திருப்பித் தருவதாக ஒப்புக்கொள்கின்றனர். எளிய குடும்பம் ஒன்றின் வாழ்நாள் சேமிப்பே அதில் அடங்கியிருக்கும். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட போக்கிய அடைமானம் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால்தான் செல்லும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் கூறுகிறது. நம்மவர் பலர் முத்திரைத்தாளில் கையெழுத்திட்டு, அத்துடன் நம்பிக்கை வைத்துவிடுகின்றனர். முன்பணமும் போக்கியப் பணமும் வீட்டுக்காரரின் வருமானம் அல்ல. அவர் கையில் இருக்கும் பிறர் பொருள். வங்கியில் வைப்புத்தொகையாக இட்டு, அந்த ரசீதைத் தொடாதிருப்பதே நேர்மையான வழி.

அடுத்தது மின்சாரம். பல குடித்தனங்கள் உள்ள வளாகத்தில் ஒரே மீட்டரை வைத்து, உள்ளே சப் மீட்டர் பொருத்தி, "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று வசூலிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. இதில் குடித்தனக்காரர் எவ்வாறு நட்டமடைகிறார் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று குடும்பங்கள், இரு மாதங்களுக்குத் தலைக்கு 200 யூனிட் எரிக்கின்றன. தனித்தனி இணைப்பாயின் ஒவ்வொன்றுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100க்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு. ஆளுக்கு 225 ரூபாய். மூன்று குடும்பத்திற்கும் சேர்ந்து 675 ரூபாய். அதே 600 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால், 500ஐத் தாண்டிவிட்டபடியால் சலுகை விகிதம் மறைந்துவிடும். முதல் 100 மட்டும் இலவசம். அடுத்த 300க்கு 4 ரூபாய் 50 காசு வீதம் 1,350. அதற்கடுத்த 100க்கு 6 ரூபாய் வீதம் 600. கடைசி 100க்கு 8 ரூபாய் வீதம் 800. ஆக 2,750 ரூபாய்! வீட்டுக்காரர் ஒரு காசும் கூடுதலாக எடுக்காதபோதே இந்த நிலை. இதற்கு மேல் தமக்கென்றும் ஏதேனும் வைத்து வசூலிப்பாரானால் என்ன சொல்வது? தனிச் சமையலறையுடன் தனியே பிரிந்துள்ள ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்புக் கேட்டு மனுச் செய்யுங்கள். இணைப்புக்கு ஆகும் செலவு ஒரு முறைதான்.

தண்ணீருக்கு இத்தகைய கணக்கு இல்லை. அங்கே பொறுமைதான் வேண்டும். சாத்தனூர் அணையிலிருந்து வரும் குடிநீர் எல்லா நாளும் எல்லா நேரமும் வருவதில்லை. குழாயும் குளியலறையும் பொதுவாக உள்ள வளாகங்களில், யார் எப்போது பிடிப்பது, செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரிச் செலவை எப்படிப் பிரிப்பது, மாடிப்படி விளக்கு யார் கணக்கில் எரிவது என்பனவற்றைக் குடி வரும் நாளிலேயே எழுதிச் சுவரில் ஒட்டிவிடும் வீட்டுக்காரர் புத்திசாலி. நம் பங்கில் ஒரு தாய், தம் நான்கு குடித்தனங்களுக்கும் வாரம் ஒருவர் முறை வைத்து, தம்மையும் ஐந்தாவது முறையில் சேர்த்துக்கொண்டார். அவர் வளாகத்திலிருந்து ஒரு வழக்கும் நம்மிடம் வந்ததில்லை.

பழுது பார்ப்பதில் எது யாருடையது என்பதற்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையே விடை தருகிறது. கட்டட அமைப்பில் பழுது, சுவருக்குச் சுண்ணாம்பு, கதவு சன்னல்களுக்கு வண்ணம், தேய்ந்த குழாய்களை மாற்றுதல், மின்கம்பிகளைப் புதுப்பித்தல் ஆகியன வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், பூட்டு, சன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றன குடித்தனக்காரர் பொறுப்பு. வருமான வரிக் கணக்கிலும் வீட்டு வரி போக எஞ்சும் வாடகையில் நூற்றுக்கு 30 பங்கை, செலவுச் சீட்டு எதுவும் கேளாமலே கழித்துக்கொள்ள அரசு இடம் தருகிறது. அந்த 30இல் பாதியையாவது வீட்டிற்கே திருப்பிச் செலவிட்டால் ஒழுகும் கூரைகள் நம் ஊரில் குறைந்துவிடும்.

இடம் தேர்வதிலும் ஒரு சொல். 2024 டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். அந்தத் துயரத்தின் பொறுப்பை யார் மீதும் சுமத்த நாம் முற்படவில்லை. ஆனால் மலைச்சரிவை ஒட்டி மேலும் ஓர் அறை எழுப்பி வாடகைக்கு விட எண்ணுவோர், கனமழை இரவில் தம் பேரப்பிள்ளையை அவ்வறையில் உறங்க வைப்பார்களா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். மாட்டார்களெனில் பிறர் பிள்ளைக்கும் அது ஆகாது.

வாடகை வீடு ஒருவருக்கு மட்டும் உரியதாக இல்லாமல் உடன்பிறந்தோர் பலருக்கும் பொதுவாக இருக்கும்போது புதுச் சிக்கல் தோன்றுகிறது. தந்தை இறந்தபின் மூத்த மகன் வாடகையை வாங்குகிறார். சில ஆண்டுகளில் இளையவர் வந்து, "எனக்கும் கொடு" என்று குடித்தனக்காரரிடமே கேட்கிறார். குடித்தனக்காரர் இருவருக்கும் நடுவே தவிக்கிறார். தங்கையைப் பற்றியோ யாரும் பேசுவதில்லை. "அவளுக்குத்தான் சீர் செய்து அனுப்பிவிட்டோமே" என்பர். உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்துக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்கு மக்களுக்கு, ஆண் பெண் வேறுபாடின்றிச் சமமாக. சீர் கொடுத்ததால் பங்கு அற்றுப்போகும் என்று அச்சட்டத்தில் எங்கும் இல்லை. ஆகவே அம்மாவும் பிள்ளைகள் அனைவரும் கூடி, வாடகை பெறும் அதிகாரத்தை ஒருவரிடம் எழுத்தால் ஒப்படைத்து, பணம் ஒரே வங்கிக் கணக்கில் சேரச் செய்ய வேண்டும். வீட்டு வரியும் பழுதுச் செலவும் போக எஞ்சியதை ஆண்டுக்கொரு முறை கணக்குக் காட்டிப் பிரித்துக்கொள்ள வேண்டும். நோட்டுப் புத்தகம் ஒன்று போதும், தணிக்கையாளர் வேண்டியதில்லை.

குடித்தனக்காரர் எல்லாரும் குறையற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. தாம் குடியிருக்கும் வீட்டையே பௌர்ணமிக்கு உள்வாடகைக்கு விட்டுப் பணம் பார்த்தவர் உண்டு. எழுத்து மூலமான சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுவதைச் சட்டம் தடுக்கிறது. காலி செய்வதாகச் சொன்ன தேதியை மூன்று முறை தள்ளிப்போட்டு, வெளிநாட்டிலிருந்து திரும்பிய சொந்தக்காரரை உறவினர் வீட்டுத் திண்ணையில் உறங்க வைத்தவரும் உண்டு. எழுத்து இவ்விரு திறத்தாரையும் காக்கும். குடி வரும்போதே சுவர், கதவு, மின்விசிறி, குழாய் இவற்றின் நிலையைப் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திடலாம். இப்போது கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது அதனினும் எளிது. மாதந்தோறும் ரசீது தர வேண்டும். வாடகையை உயர்த்துவதாயின் மூன்று மாதங்களுக்கு முன்பே எழுதித் தெரிவிப்பது நலம்.

காலி செய்யும் நாளில் சாமான்கள் வண்டியில் ஏறிய பின்பு, வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் வெற்று அறைகளைச் சேர்ந்து சுற்றிப் பார்க்க வேண்டும். மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அதுவரைக்குமான மின்கட்டணத்தையும், பட்டியலின்படி உடைந்தது ஏதேனும் இருப்பின் அதன் விலையையும் அங்கேயே பேசி முடிக்க வேண்டும். எஞ்சிய முன்பணத்தைக் காசோலையாகவோ வங்கி மூலமாகவோ அன்றே தந்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி எழுதி வாங்க வேண்டும். சாவி அதன் பின்னரே கை மாற வேண்டும்.